மணிக்கு இரண்டு யூனிட்

டெஸ்டருக்குக் கணக்கு தப்பாது என்பது தெருவே ஒப்புக்கொண்ட விஷயம். சட்டைப் பையில் மஞ்சள் கைப்பிடி போட்ட டெஸ்டர் ஒன்று எந்நேரமும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் வந்த பெயர் அது. மோட்டாருக்குக் காயில் கட்டுவதுதான் தொழில் என்றாலும், குளிர்காலம் பிறந்துவிட்டால் ஜனங்கள் அவனைத் தேடி வருவது வேறு காரியத்துக்கு. "டெஸ்டரே, ஒரு ஹீட்டர் வாங்கலாம்னு இருக்கோம். மாசத்துக்கு எவ்வளவு இழுக்கும்?" என்பார்கள். அவன் அட்டைப்பெட்டியைத் திருப்பி எத்தனை வாட் என்று பார்ப்பான். "எத்தனை மணி நேரம் போடுவீங்க?" என்று கேட்பான். வாட்டை மணியால் பெருக்கு, ஆயிரத்தால் வகு, முப்பது நாளால் பெருக்கு, யூனிட்டுக்கு இவ்வளவு. கண்ணை மூடித் திறப்பதற்குள் தொகை வந்துவிடும். கேட்டவர்களில் பாதிப் பேர் ஹீட்டரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு காலம் தள்ளினார்கள். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அக்காவுக்கு ஹீட்டர் வாங்கியபோது மட்டும் அவன் கணக்குப் போடவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். மனுஷன் கெட்டவன் இல்லை.

அக்கா கடற்கரை ஊரிலிருந்து ஒரே ஒரு பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். முப்பத்தோரு வருஷம் இறால் கம்பெனியில் வேலை. பனிக்கட்டி மிதக்கும் தொட்டியில் கையை விட்டு இறாலை எடுத்து ஓடு உரிக்க வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலியில்தான் தம்பியை வளர்த்தாள், தொழிற்கல்விப் பள்ளியில் சேர்த்தாள், அவன் முதல்முதலாகப் பிடித்த கட்டிங் பிளேயரையும் வாங்கிக் கொடுத்தாள். கல்யாணம் என்று யாராவது பேச்செடுத்தால், "இவனுக்கு ஒரு வழி பண்ணிட்டு" என்பாள். இவனுக்கு வழி பிறந்தபோது அவளுக்கு வயது தாண்டிவிட்டது. கடைசியில் விரல்கள் மக்கர் பண்ண ஆரம்பித்தன. கொஞ்சம் குளிர்ந்தாலும் நுனி வெளுத்துப்போகும், பிறகு நீலம் பாரிக்கும், உணர்ச்சியே இருக்காது. வேகம் குறைந்ததும் கம்பெனியில், "நாளையிலேருந்து வர வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டார்கள்.

"இந்தக் குளிர் ஊருக்கா வரச் சொன்னீங்க அவங்கள?" என்று அவன் மனைவி கேட்டாள். அவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். விரல் வெளுப்பது என்ன வியாதி என்று அவளுக்குத் தெரியும். "கை கதகதப்பா இருக்கணும்ங்க. அது ஒண்ணுதான் மருந்து."

அன்று சாயங்காலமே ஹீட்டர் வந்துவிட்டது. இரண்டு கம்பி வைத்தது, கம்பிக்கு ஆயிரமாக இரண்டாயிரம் வாட். பின்னறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, சுவிட்சைத் தட்டி, கம்பி சிவப்பதை அக்காவுக்குக் காட்டினான்.

"அடேயப்பா, அடுப்பை வீட்டுக்குள்ளயே வெச்சுட்டியேடா!" என்றாள் அக்கா. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள். "இந்தக் கை இப்படி சிவந்து எத்தனை வருஷமாச்சு தெரியுமா?"

கை கொஞ்சம் பழக்கத்துக்கு வந்ததும் அவள் சும்மா இருக்கவில்லை. தெருமுனையில் பள்ளிச் சீருடை தைக்கிற கடை ஒன்று உண்டு. கடையை நடத்துகிற அம்மாவிடம் பேசி, வெள்ளைச் சட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து பொத்தான் தைக்க ஆரம்பித்தாள். டெஸ்டர் சத்தம் போட்டுப் பார்த்தான். "உன் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கிடக்கச் சொல்றியா?" என்று ஒரே கேள்வியில் அவன் வாயை அடைத்தாள்.

மூன்றாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. அப்போதுதான் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழத் தொடங்கியது. எங்கேயாவது கரண்ட் கசிந்தால் வீட்டையே ஒட்டுமொத்தமாக அணைத்துவிடுகிற சுவிட்ச் அது. ஒரு நாள் இரண்டு தடவை விழுந்தது, மறுநாள் ஐந்து தடவை. இரண்டு தடவை ஹீட்டர் ஓடும்போது விழுந்ததை அவன் பார்த்தான். அவ்வளவுதான், ஹீட்டர் லோடைச் சுவிட்ச் தாங்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டான். மறு யோசனை கிடையாது. அவன் மோட்டார் கடையில் நான்கு மோட்டார் கட்டுக்குக் காத்திருந்தன. ஸ்டூலைப் போட்டு ஏறி, ட்ரிப் சுவிட்சை ஒதுக்கிவிட்டு, ஒரு துண்டு ஒயரை வைத்து லைனை டைரக்டாகக் கொடுத்துவிட்டான். ஊரார் வீட்டில் யாராவது இந்த வேலையைச் செய்திருந்தால் காது கிழியத் திட்டியிருப்பான். தன் வீட்டு வேலை என்றால் தொழில்காரனுக்கு என்றைக்குமே அவசரம்தான்.

அப்படிக் கொடுத்துச் சரியாக ஒரு மாதம் கழித்து பில் வந்தது. வழக்கமாக நூற்றெண்பது யூனிட் வருகிற வீடு. ஐந்நூற்று நாற்பது என்று போட்டிருந்தது.

சாப்பாட்டு வேளை. மனைவி ரொட்டி சுட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள், அக்கா முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். டெஸ்டர் பில்லைத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு சாப்பிட்டான்.

"தப்பா எடுத்திருப்பாங்க. போய்க் கேளுங்க" என்றாள் மனைவி.

"ரீடிங்கை நானும் பாத்துட்டேன். சரியாத்தான் இருக்கு." அவன் நிமிர்ந்தான். "அக்கா, ஹீட்டர் தினம் எவ்வளவு நேரம் ஓடுது?"

"சாயங்காலம் கொஞ்சம் போடுறேன்டா. விடிஞ்சதும் கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"கை மடங்குற வரைக்கும்."

"கை மடங்குறதெல்லாம் ஒரு கணக்காக்கா? மணி சொல்லு."

அக்கா கரண்டியை வைத்துவிட்டு யோசித்தாள். "நான் கடிகாரம் பாக்கலையே தம்பி."

"சரி விடு. நானே போட்டுக்கிறேன்." காதிலிருந்த பென்சிலை எடுத்து பில்லின் பின்பக்கத்தில் எழுதினான். "ரெண்டாயிரம் வாட். அப்போ மணிக்கு ரெண்டு யூனிட். சாயங்காலம் நாலு மணி நேரம், காலையில ரெண்டு, மொத்தம் ஆறு மணின்னு வெப்போம். ஆறு ரெண்டு பன்னெண்டு. முப்பது நாளைக்கு முந்நூத்தி அறுபது. பழசு நூத்தி எண்பதைச் சேத்தா..." அவன் முகம் மலர்ந்தே போய்விட்டது. "பாத்தியா? ஐந்நூத்தி நாப்பது! புள்ளி பிசகல!"

அந்த மலர்ச்சியை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்கு உடம்பு கூசுகிறது. விடை முன்னாலேயே கையில் இருந்தது. அதற்கு எது பொருந்துமோ அந்த மணிக்கணக்கை அவனே கற்பித்துக்கொண்டு, பொருந்திவிட்டதே என்று குதித்தான்.

"ஆறு மணி நேரமா?" என்றாள் மனைவி. "அவ்வளவு ஓடினதை நான் பாக்கலையே."

"நீ கடையில இருக்கே, நான் கடையில இருக்கேன். யாரு பாத்தா?"

அக்கா கரண்டியை எடுத்து முட்டையைத் திருப்பிப் போட்டாள். பிறகு சிரித்தாள். "நான் ஒருத்தி ரெண்டு வீட்டு கரண்டைத் தின்னுட்டேனா? நல்ல வாய்தான் எனக்கு!"

"உன்னைச் சொல்லலக்கா. கணக்கைச் சொல்றேன்."

"தெரியும்டா. முட்டை ஆறுது, சாப்பிடு."

அத்தோடு ஹீட்டர் ஓடவில்லை. அதை அவன் கவனித்தானா என்றால், கவனித்தான். பின்னறைக் கதவிடுக்கில் தெரிகிற சிவப்பு வெளிச்சம் நின்றுபோனது அவன் கண்ணில் படாமல் இல்லை. அடுப்படியில் அக்கா டீ குடித்து முடித்த பிறகும் டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி நிற்பாள். டம்ளர் ஆறும்வரை கீழே வைக்கமாட்டாள். ரொட்டிக் கல்லை இறக்கியபின் அந்த அடுப்புக்கு மேலே கையைக் காட்டிக்கொண்டு நிற்பாள். இவன் உள்ளே வந்தால் எதையோ துடைப்பதுபோல் திரும்பிக்கொள்வாள். கேட்டிருக்கலாம். "போட்டுக்கோக்கா, பரவாயில்ல" என்ற இரண்டு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பில்லை நினைத்தான். வார்த்தை அங்கேயே நின்றுவிட்டது.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். அக்கா பையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"தையல் கடையில பள்ளிக்கூட ஆர்டர் குவிஞ்சு கிடக்குதாம். மாடியில ஒரு ரூம் சும்மா இருக்கு, வந்து தங்கிக்கோன்னு அந்தம்மா சொல்றாங்க. கீழ இஸ்திரி ஓடிக்கிட்டே இருக்கும், தரையெல்லாம் சூடா இருக்கும். நடந்தா நூறு அடி. என்னமோ நான் சீமைக்குப் போற மாதிரி முழிக்கிறியே."

"அண்ணி, எதுக்கு இப்போ?" என்று மனைவி பையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேலை முடிஞ்சா வந்துடப்போறேன். விடு புள்ள."

டெஸ்டர் பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனான். நெஞ்சு கனத்தது என்பது உண்மை. அந்தக் கனத்துக்கு அடியில், இனி பில் பழையபடி வந்துவிடும் என்று ஒரு சின்ன நிம்மதி இருந்ததும் உண்மை. திரும்பி வரும்போது விசில்கூட அடித்தான், பாவி.

அடுத்த மாதம் காலை பத்து மணிக்கு மீட்டர் பார்க்கிறவர் வந்தார்.

"என்னண்ணே, போன மாசம் மாதிரியே இந்த மாசமும் கொளுத்திட்டீங்க" என்றபடி சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். நானூற்று எண்பது.

டெஸ்டர் இரண்டு தடவை படித்தான். அவனுக்கு முதலில் வந்தது சந்தேகம் அல்ல, கோபம். அக்கா மேலேதான் கோபம். அவள் இருந்த பன்னிரண்டு நாளில் முந்நூறு யூனிட் எப்படி எரியும் என்றுகூடக் கணக்குப் பார்க்கவில்லை. மருந்துக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டான்.

"பாத்தியா? நாம இல்லாதப்ப போட்டிருக்கா. நம்ம முன்னாடி அணைச்சு வெச்சுட்டு, நாம வெளிய போனதும்... என்கிட்ட கேட்டா நான் வேணாம்னா சொல்லப்போறேன்? ஒளிச்சுப் போடணுமா?"

மனைவி தலைவாரிக்கொண்டிருந்த சீப்பைக் கீழே வைத்தாள்.

"ஹீட்டர் எங்க இருக்கு தெரியுமா உங்களுக்கு?"

"பின்னறையில."

"பரண்ல இருக்கு. நீங்க பில்லு பின்னாடி கணக்குப் போட்டீங்களே, அதுக்கு மறுநாள் காலையில அண்ணியே துடைச்சு, பெட்டிக்குள்ள வெச்சு, கயிறு போட்டுக் கட்டி எங்கிட்ட குடுத்தாங்க. 'கண்ணுல பட்டா கை தானா அதுகிட்ட போகும், மேல ஏத்திடு'ன்னாங்க. நாந்தான் ஏத்தினேன். அவன்கிட்ட சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. இன்னிக்கு சத்தியமும் போச்சு, போங்க."

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினான். பெட்டி அங்கேதான் இருந்தது. மேலே ஒரு மாதத்துத் தூசி. கயிற்று முடிச்சு அக்கா போடுகிற மீன்கூடை முடிச்சு, யாரும் அவிழ்க்கவில்லை. கத்தியால் அறுத்தான். ஹீட்டரை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். தொழில்காரன் கண்ணுக்கு அது போதும். கீழ்க்கம்பி எரிந்து கறுத்திருந்தது. மேல்கம்பி கடையிலிருந்து வந்த நாளின் பளபளப்போடு அப்படியே இருந்தது. அதை ஒரு நாள்கூடப் போடவில்லை. அவன் போட்டுக் காட்டினதோடு சரி.

"ஒத்தக் கம்பிதான் போட்டிருக்கா" என்றான்.

"ரெண்டும் போடுங்க அண்ணின்னு சொன்னா, 'தம்பி காசு'ம்பாங்க. ஒரு வேளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல போட்டும் நான் பாத்ததில்ல. அன்னிக்கே சொன்னேனே, அவ்வளவு ஓடலைன்னு. நீங்கதான் கணக்குப் புலியாச்சே."

"அப்போ இந்த யூனிட்டெல்லாம் எங்க போச்சு?"

"என்னைக் கேட்டா?"

அவன் வீட்டிலிருந்த ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தான். விளக்கு, விசிறி, பிரிட்ஜ், எல்லாம். செல்போன் சார்ஜரைக்கூடப் பிடுங்கினான். வீடு கம்மென்று ஆனது. மீட்டர் முன்னால் வந்து நின்றான். கரண்ட் ஓடினால் மட்டும் சிமிட்டுகிற சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"ஒண்ணுமே ஓடலையே" என்றாள் பின்னால் நின்ற மனைவி. "அப்புறம் எதுக்கு அது கண்ணடிக்குது?" பிறகு அவளே மேலே பார்த்தாள். ட்ரிப் சுவிட்சுக்குப் பக்கத்தில் அவன் சொருகின துண்டு ஒயர் பல்லிளித்துக்கொண்டிருந்தது. "ஏங்க, எங்கயாவது கசிஞ்சாத்தானே அது விழும்? ஊருக்கெல்லாம் நீங்கதானே சொல்வீங்க?"

டெஸ்டர் ஸ்டூலில் ஏறினான். பழைய மோட்டார்களைப் போட்டு வைக்கிற கொல்லைப்புற ஷெட்டுக்குப் போகிற லைனைக் கழற்றினான். சிமிட்டல் நின்றது.

அந்த ஷெட்டுக்கு மண்ணுக்கடியில் லைன் இழுத்தவன் அவனேதான். ஒயர் நீளம் போதவில்லை என்று நடுவில் முறுக்கிச் சேர்த்து, டேப் சுற்றி, அப்படியே மண்ணைத் தள்ளி மூடினான். அப்புறமாகப் பைப் போட்டு ஒழுங்காகப் பண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அந்த அப்புறம் வரவே இல்லை. மழையில் மண் நனைந்து டேப்புக்குள் தண்ணீர் ஏறியதும் ட்ரிப் சுவிட்ச் ஒழுங்காக விழுந்து சொல்லிற்று. அவன் அதன் வாயைக் கட்டிப்போட்டான்.

கொல்லையில் புல்லெல்லாம் பனி நனைத்துக் கிடந்தது. ஷெட்டுக்குப் போகிற வழியில் ஒரு முறம் அளவு இடம் மட்டும் காய்ந்து, வெளிறிப்போய் இருந்தது. லைனைக் கழற்றியாயிற்றா என்று இன்னொரு தடவை உறுதி பண்ணிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து உள்ளங்கையை அங்கே வைத்தான்.

மண் கதகதப்பாக இருந்தது.

கையை எடுக்கவில்லை. அவனை அறியாமலே மனசு கணக்குப் போட்டது. இந்த மாத நானூற்று எண்பதில் வழக்கமான நூற்றெண்பது போகக் கசிந்தது முந்நூறு. நாளைக்குப் பத்து யூனிட். முதல் மாத பில்லிலும் அதே முந்நூறு போனால் அக்காவின் பங்கு அறுபது. ஒற்றைக் கம்பி, நாளைக்கு இரண்டு மணி நேரம். இரண்டாம் மாதத்தில் ஒன்றுமே இல்லை. இரண்டு மாதமாக ராப்பகலாக மண்ணுக்குச் சூடு போட்டிருக்கிறான். பத்தடி தள்ளி, சுவருக்கு அந்தப்பக்கம், அவனைப் படிக்க வைத்த கை குளிரில் விறைத்துக் கிடந்திருக்கிறது. "ஐயோ" என்றான் வாய்விட்டு. மனைவி கதவருகே நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

கையில் ஒட்டிய மண்ணோடு அப்படியே தையல் கடைக்குப் போனான்.

கடைக்கார அம்மா இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி ஓரமாக நிறுத்தினாள். "வாங்க டெஸ்டரே. வழி தெரிஞ்சுதா? நூறு அடி தூரம், ரொம்ப அலைச்சல்."

"அக்கா இருக்காங்களா?"

"மாடியிலதான். போறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துட்டுப் போங்க." மேஜைக்கு அடியிலிருந்து நான்கு வெள்ளைச் சட்டைகளை எடுத்து விரித்தாள். பொத்தான் பட்டியில் அங்கங்கே துருப்பிடித்தாற்போல் புள்ளிகள். "ரத்தம். துவைச்சும் போகல. உங்க வீட்ல இருந்தப்போ தைச்சது. ஊசி ஏறினதுகூடத் தெரியல அவங்களுக்கு, விரல் அப்படி மரத்திருக்கு. வீட்ல ஹீட்டர் கீட்டர் இல்லையாம்மான்னு கேட்டேன். 'என் தம்பி பெரிய எலெக்ட்ரீசியன், ரூம் பூரா சூடு, எனக்குத்தான் வியர்க்குது'ன்னாங்க. நானும் நம்பிட்டேன். அப்புறம் கையைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் இங்க வந்து இருங்கன்னு சொன்னேன்."

அவன் சட்டை ஒன்றைத் தொடப் போய், மண் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"நாலு சட்டைக்கும் காசு கழிச்சுக்கச் சொன்னாங்க. கழிக்கல. உங்க காதுல போட்டு வெக்கத்தான் சொல்றேன். மேல போங்க."

அக்கா ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். கீழே இஸ்திரி ஓடுகிற சூடு தரைக்கு ஏறியிருந்தது. விரல்கள் சிவப்பாக, மனித விரல்கள் மாதிரி இருந்தன. ஆள்காட்டி விரலில் மட்டும் பழைய குத்துக் காயங்களின் பொருக்கு.

"வாடா. ஏன் கையெல்லாம் மண்ணு?"

நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினான். ட்ரிப் சுவிட்சை, டேப்பை, பரணை, ஒற்றைக் கம்பியை, எதையும் விடவில்லை. "ஒரு நாளைக்கு எத்தனை மணின்னு நானா வெச்சுக்கிட்டேன்க்கா. பொருந்திச்சுன்னு சந்தோஷப்பட்டேன். இன்னிக்குக் காலையிலகூட, நீ திருட்டுத்தனமா போட்டேன்னு வீட்டுல அவகிட்ட சொன்னேன்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மண்ணுக்கா சூடு போட்டே? புல்லுக்குக் குளிரும்னா? ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்ற ஆளு!" சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

"சிரிக்காதேக்கா."

"பின்ன அழுவணுமா? உக்காரு."

அவன் உட்காரவில்லை. "வீட்டுக்கு வா. இப்பவே வா. ஹீட்டரை இறக்கிட்டேன். ரெண்டு கம்பியும் போடு, நாள் பூரா போடு. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். கணக்கே தப்புக்கா, முழுசா தப்பு."

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். தைத்து முடித்த பொத்தானை இழுத்துப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், மனசுல இருக்கறத சொல்லு. கசிவு கிசிவு ஒண்ணும் இல்லைன்னு வெச்சுக்கோ. நிஜமாவே நான்தான் ஆறு மணி நேரமும் எரிச்சேன். உன் கணக்கு சரி. அப்போ இன்னிக்கு இந்த மாடிப்படி ஏறி வந்திருப்பியா?"

வந்திருப்பேன் என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். அக்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அவன் எந்தப் பொய்யைச் சொன்னாலும் அவள் இப்படித்தான் சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள். வந்த வார்த்தையை விழுங்கினான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கீழே இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்று ஆவி விட்டது.

"வந்திருக்க மாட்டேன்க்கா" என்றான்.

"தெரியும்டா தம்பி" என்றாள் அக்கா. குரலில் கோபம் மருந்துக்குக்கூட இல்லை. "அதான் இங்கேயே இருக்கேன்."

அடுத்த சட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினாள்.